திறப்பு யாருடைய கையில்?



பெங்களூரைச் சேர்ந்த சுஹாஸ் கோபிநாத் 2000ஆம் ஆண்டில், தமது 14ஆவது வயதில், 'குளோபல்ஸ்' என்ற தொழில்நுட்பக் கம்பனியைத் தொடங்கினார். வீட்டில் கணினி இல்லை. நெற் கபேக்குப் போகக் கைக்காசு போதவில்லை. அந்தக் கடை மதியம் 1 மணியிலிருந்து 4 மணிவரை பூட்டியிருக்கும். அந்த நேரம் தாம் கடையைப் பார்ப்பதாகவும், பதிலுக்குக் காசில்லாமல் இணையம் பாவிக்க விடும்படியும் கேட்டார். கடைக்காரர் சம்மதித்தார். இணையத்தளம் அமைக்க அங்கேதான் கற்றார். வயது குறைந்தவர் கம்பனி பதிய இந்தியச் சட்டம் இடம் தராததால், அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பதிந்தார்.

அந்த வயதில் எங்களை நம்பி ஒருவர் கடைத் திறப்பைத் தந்திருப்பாரா? தந்தாலும், வீட்டில் போக விட்டிருப்பார்களா?

இலங்கையிலும் 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் பணிப்பாளராக முடியாது. கையொப்பமிடப் பெரியவர் ஒருவர் வேண்டும். அதற்கு முன்னர், கற்க இடமும் நேரமும் வேண்டும்.

ஆகவே, நூற்றாண்டு நினைவாகப் பாடசாலை விட்ட பின்பு, கிழமையில் மூன்று நாள் கணினி அறையைத் திறந்து வைப்போம். ஊரில் இருப்போர் முறைவைத்துத் துணைக்கு இருப்போம். கடல் கடந்து இருப்போர் இணையக் கட்டணத்தையும் திருத்தச் செலவையும் ஏற்போம்.

அதிபர் அம்மா, திறப்பை எங்களிடம் தாருங்கள். பிள்ளைகள் எல்லாரும் கம்பனி தொடங்க வேண்டியதில்லை. தொடங்க நினைக்கும் ஒருத்தி பூட்டிய கதவோடு திரும்பிப் போகக் கூடாது.