ஊன்றுகோல் இரண்டு



கால் உடைந்தவருக்கு ஊன்றுகோல் வேண்டும். அது கடையில் கிடைக்கும். மனசுக்கும் இரண்டு ஊன்றுகோல் வேண்டும். ஒன்று சிரிப்பு. இன்னொன்று நம்பிக்கை. இவை கடையில் கிடைக்காது. நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

கால் உடைந்து ஒருவர் படுத்தால் என்ன நடக்கும்? பார்க்க வருகிறவர் எல்லோரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். "கட்டைப் பிரி" என்பார் ஒருவர். "எண்ணெய் தடவு" என்பார் இன்னொருவர். "போன பிறவிப் பாவம்" என்பார் மூன்றாமவர். இதைக் கேட்டு அழுவதா? சிரித்துவிடுவதே நல்லது. ஆனால் கட்டை மட்டும் பிரிக்கக் கூடாது!

இப்போது ஓர் உண்மைக் கதை. சுதா சந்திரன் என்ற பெண் மும்பையில் வளர்ந்தார். சிறு வயது முதல் பரதநாட்டியம் ஆடினார். 1981-ல் திருச்சி அருகே பேருந்து விபத்தில் சிக்கினார். அப்போது அவருக்கு 16 வயது கூட நிரம்பவில்லை. காலில் புண் இருந்தது. அதன் மேலேயே மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். உள்ளே புண் அழுகியது. உயிரைக் காப்பாற்ற, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆடுகிற காலே போய்விட்டது. இனி என்ன செய்வது? படுக்கையில் இருந்தபோது ஒரு பத்திரிகையில் ஜெய்ப்பூர் கால் பற்றிப் படித்தார். டாக்டர் பி.கே. சேத்திக்குக் கடிதம் எழுதினார். பார்த்தீர்களா? படிப்பும் எழுத்தும் அவருக்கு வழி காட்டின.

அந்தக் காலை உருவாக்கிய கதையும் சுவையானது. ராமச்சந்திர சர்மா என்பவர் ஜெய்ப்பூரில் கைவினைஞர். பள்ளியில் அதிகம் படிக்காதவர். அப்போது கிடைத்த செயற்கைக் காலை வைத்துச் சம்மணம் போட முடியாது. குந்த முடியாது. வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. நம் மக்களுக்கு அது எப்படி உதவும்? சர்மாவும் டாக்டர் சேத்தியும் 1960-களின் கடைசியில் ரப்பரால் புதிய பாதம் செய்தார்கள். மிதிவண்டி பஞ்சர் ஆனபோது, டயர் கடையில்தான் சர்மாவுக்கு இந்த யோசனை தோன்றியது என்று சொல்வார்கள். ஒரு டயரில் காற்றுப் போனது. ஆயிரம் ஆயிரம் பேருக்குக் கால் வந்தது!

சுதாவும் அந்தக் காலைப் போட்டுக்கொண்டார். முதலில் நடந்தார். பிறகு ஆடினார். வலித்தது. ரத்தம் வந்தது. விடவில்லை. 1984-ல் மும்பையில் மீண்டும் மேடை ஏறினார். அவர் வாழ்க்கையை 'மயூரி' என்று தெலுங்கில் படம் எடுத்தார்கள். அதில் அவரே நடித்தார்.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஒருவருக்கு வலது கால் இல்லை. அவர் நண்பருக்கு இடது கால் இல்லை. இருவரும் ஒரே ஜோடிச் செருப்பு வாங்கிப் பங்கிட்டுக்கொள்வார்கள். பிறகு இருவருக்கும் செயற்கைக் கால் கிடைத்தது. "அடடா, செருப்புச் செலவு இரண்டு மடங்கு ஆகிவிட்டதே!" என்றார்களாம். துன்பப்பட்டவர் இப்படிச் சிரித்தால் அது தைரியம். மற்றவர் அவரைப் பார்த்துச் சிரித்தால் அது கொடுமை.

நம்பிக்கை என்றால் சும்மா இருப்பதல்ல. சாமியைக் கும்பிடுங்கள். மருத்துவர் சொன்ன பயிற்சியையும் செய்யுங்கள். மாவுக்கட்டுப் போட்ட காலில் விரல் நீலமானால், மரத்துப்போனால், வலி கூடினால், நாற்றம் வந்தால், காய்ச்சல் வந்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

உங்கள் தெருவில் யாராவது கால் அடிபட்டுக் கிடக்கிறார்களா? போய்ப் பாருங்கள். வைத்தியம் சொல்ல வேண்டாம். ஒரு நல்ல சிரிப்புக் கதை சொல்லுங்கள். எழுந்து நடக்கும்போது தோள் கொடுங்கள்.