கறுப்பின் மேல் கறுப்பு: டார்க் மோடில் மறையும் பாடங்கள்

(திருவேங்கடத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல் வினாக்கள் ஐந்தை ஓர் இணையப் பக்கமாகத் தயாரித்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பினேன். மறுநாள் ஒரு மாணவி மூன்று வினாக்களுக்கு விடை எழுதாமல் வந்தாள். கேட்டதற்கு, "படமே இல்ல சார்" என்றாள். "மத்தவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?" என்று கடிந்துகொண்டேன். அவள் தலைகுனிந்து நின்றாள்.

இரண்டு நாள் கழித்து, தீப்பெட்டி ஆலையில் வேலை முடிந்து வந்த அவள் அம்மா கைபேசியைக் காட்டினார். உண்மைதான். வினா இருந்தது; முக்கோணம் இல்லை.

தவறு என்னுடையது. கறுப்புக் கோட்டில் வரைந்த முக்கோணத்தைப் பின்னணி நிறம் இல்லாத பி.என்.ஜி. படமாகச் சேமித்திருந்தேன். வெள்ளைத் திரையில் அது தெரியும். அந்தக் கைபேசியிலோ டார்க் மோடு இருந்தது. கறுப்பின் மேல் கறுப்பு எப்படித் தெரியும்?

நமக்கு டார்க் மோடு புதிதல்ல. கரும்பலகையும் வெள்ளைச் சாக்பீசும் அதுதானே! பலகை கறுப்பானால் எழுத்து வெள்ளையாக வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் மாறினால் சிக்கல். இணையப் பக்கங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பின்னணி மாறுகிறது, எழுத்தோ படமோ பழைய நிறத்திலேயே நிற்கிறது.

"நான் எதையும் மாத்தலையே சார்" என்றார் அந்த அம்மா. அதுவும் உண்மை. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், சில கைபேசிகளில் பேட்டரி சேவர் இயங்கினால் டார்க் மோடும் தானாக வந்துவிடும். மாலையில் சார்ஜ் குறைந்த கைபேசிதான் நம் பிள்ளைகளின் கைக்கு வருகிறது.

இனி, பிள்ளை "தெரியவில்லை" என்றால் என்ன செய்யலாம்?

முதலில், வெற்றிடத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள். எழுத்து தேர்வாகி நிறம் மாறித் தெரிந்தால், அது அங்கேதான் இருக்கிறது, நிறம்தான் மறைக்கிறது.

இரண்டாவது, பேட்டரி சேவரை நிறுத்துங்கள். பிறகு குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸ், தீம் என்று போய் லைட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, ஹைடெக் லேப் கணினியில் இந்தச் சிக்கல் வந்தால், அதே பக்கத்தை இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால், நிறத்தை மாற்றும் எக்ஸ்டென்ஷன் ஏதோ உலாவியில் இருக்கலாம். அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இவை பார்ப்பவர் செய்ய வேண்டியவை. ஆனால், "டார்க் மோடே வைக்காதே" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம். வெளிச்சத்தில் கண் கூசும் பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கு இருண்ட திரைதான் வசதி. சிதறல் பார்வை உள்ள சிலருக்கு வெள்ளைத் திரையே எளிது. இரண்டிலும் தெரியும்படி செய்வது பக்கத்தைத் தயாரிக்கும் நம் பொறுப்பு.

அதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு வேண்டாம். படங்களை வெள்ளைப் பின்னணியோடு சேமியுங்கள். எழுத்துக்கு நிறம் கொடுத்தால் பின்னணிக்கும் சேர்த்தே கொடுங்கள். வெளிர் சாம்பல் எழுத்தைத் தவிருங்கள். இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு இருக்க வேண்டும். வெள்ளையில் தூய கறுப்புக்கு அது 21:1. எல்லாவற்றுக்கும் மேலாக, அனுப்பும் முன் உங்கள் கைபேசியில் இரண்டு மோடுகளிலும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு நிமிடம் போதும்.

மறுநாள் வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்ட அந்த மாணவியிடம், எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன். படத்தைத் திருத்தி அனுப்பினேன். மூன்று வினாக்களுக்கும் சரியாக விடை எழுதி வந்தாள்.

பிள்ளை "தெரியவில்லை" என்று சொன்னால், முதலில் திரையைச் சந்தேகிப்போம்.