அடைப்புக்குறிக்குள்ள ஒரு எழுத்து

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் கேட்டிருந்தீங்க: "வேதிச் சமன்பாட்டுல எஸ், எல், ஜி, ஏக்யூன்னு போடுறது மார்க்குக்கு மட்டும்தானா?" ஸ்கூல்ல நானும் அப்படித்தான் நினைச்சேன். பதில் எங்க சோழவந்தான் வீட்டுக் கொல்லையில இருக்கு.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க, பானையில சுட்ட சுண்ணாம்பைப் போட்டு தாத்தா தண்ணி ஊத்துவார். அடுப்பே இல்லாம தளதளன்னு கொதிக்கும். ஒரு வருஷம் சித்தப்பா குனிஞ்சு பார்த்தார். கண்ணுல தெறிச்சிருச்சு. துண்டால துடைச்சதோட விட்டுட்டார். இன்னிக்கும் அவருக்கு இடது கண் மங்கல்தான்.

இப்ப சமன்பாட்டை எழுதுவோம். அம்புக்குறிக்கு இடப்பக்கம் வினைபடுபொருள்கள்: கால்சியம் ஆக்சைடு, திண்மம், எஸ். தண்ணீர், நீர்மம், எல். வலப்பக்கம் விளைபொருள்: கால்சியம் ஹைட்ராக்சைடு, கூடவே வெப்பம். அதுக்கு எந்த எழுத்து?

நான் பரீட்சையில ஏக்யூ போட்டேன். அதாவது, தண்ணில கரைஞ்சதுன்னு. ஆனா ஒரு லிட்டர் தண்ணில அது 2 கிராம்கூட கரையாது. மீதியெல்லாம் திண்மமாவே பால் மாதிரி கலங்கி நிக்கும். சித்தப்பா கண்ணுல ஒட்டினது அந்த எஸ். துடைச்சா முழுசா போகாது. இமைக்கு அடியில தங்கி, கொஞ்சங்கொஞ்சமா கரைஞ்சு அரிச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் உடனே நல்ல தண்ணில ரொம்ப நேரம் கழுவணும், தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

சரி, ஜி எங்க? 1636ல கட்டின நம்ம திருமலை நாயக்கர் மகாலுக்குப் போங்க. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். சூளையில 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டா, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு, வாயுவா காத்துல போயிடும். இங்க ஜி விளைபொருள்.

சாந்தைச் சுவர்ல பூசினதும் கதை திரும்புது. கால்சியம் ஹைட்ராக்சைடு காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்து, மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகுது, தண்ணி வெளியேறுது. இங்க அதே ஜி வினைபடுபொருள். "சாந்து காயுது"ன்னு நாம சொல்றோம். ஆனா ஈரம் போறது பாதிக் கதைதான். அது காத்தை வாங்கிக் கல்லாகுது.

ஆக, யார் உள்ள வர்றாங்க, யார் வெளிய போறாங்க, எந்த நிலையில இருக்காங்க. சமன்பாட்டுல இந்த மூணையும் கேளுங்க. வீட்டுல குட்டிப் பசங்க இருந்தா, வெத்தலைச் சுண்ணாம்பு டப்பாவை இன்னிக்கே மேல எடுத்து வைங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!