ஆற்றுக் குருட்டு நோயும் அதன் தடுப்பும்



மேற்கு ஆப்பிரிக்காவின் வோல்டா ஆற்றுப் படுகையில் மக்கள் ஒரு காலத்தில் வளமான கரையோர நிலங்களைக் கைவிட்டுக் குடிபெயர்ந்தனர். விரைந்தோடும் நீரில் பெருகும் கரிய ஈயின் கடியால் பரவும் புழுநோயே காரணம். நுண்புழுக்கள் தோலில் தாளாத அரிப்பை விளைவிக்கும். கண்ணுட் புகுந்து மடியுமிடத்து அழற்சி உண்டாகி, ஆண்டுகள் செல்லச் செல்ல விழி வெண்மை படர்ந்து ஒளியிழக்கும். அவ்வாறு முற்றும் இழந்த பார்வையை எம்மாத்திரையும் மீட்பதில்லை. எனவே முன்னரே காத்தல் வேண்டும்.

1974-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், ஈக்களை ஒழிக்க ஆறுகளில் ஹெலிகாப்டர் வழியே மருந்து தெளிக்கப்பட்டது. 1987-இல் ஐவர்மெக்டின் மாத்திரையை இலவசமாகத் தருவதாக அதன் உற்பத்தியாளர் அறிவித்தனர். அது நுண்புழுக்களை அழிக்கும், தாய்ப்புழுவைக் கொல்லாது. தாய்ப்புழுவோ பத்துப் பதினைந்தாண்டுகள் வாழ்வது. ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தொடர்ந்து உண்ணல் வேண்டும். இடையில் நிறுத்தின் நோய் மீளும்.

மருத்துவர் எட்டாத சிற்றூர்களில் இதனை வழங்கியவர், ஊரார் தம்முள் தெரிந்தெடுத்த ஆண்களும் பெண்களுமே. கோடிட்ட கோலருகே ஒவ்வொருவரையும் நிறுத்தி, உயரத்தைக் கொண்டே மாத்திரை எத்தனை என முடிவு செய்தனர். 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் கொடுப்பதில்லை. எளியோரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாகாது என்போருக்கு அக்கோலையே விடையாகக் காட்ட விரும்புகிறோம். 2025-இல், ஆப்பிரிக்காவில் முதலாவதாக, நைஜர் நாட்டில் இந்நோய்ப் பரவல் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.