ரூப் பாஸ்டர்: பந்தெறிந்தவர் நிறுவிய கூட்டமைப்பு

கிரிக்கெட்டில் பந்து வீசுவோரின் சிறப்பை நாம் அறிவோம். அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்திலோ பந்தெறிபவரின் பொறுப்பு இன்னும் பெரிது. ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவதில்லை; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒருவரே தொடர்ந்து எறிந்து குழுவைத் தாங்கினார். எறிவீரராகத் தொடங்கி, மேலாளராக உயர்ந்து, ஒரு கூட்டமைப்பையே நிறுவிய ஆண்ட்ரூ ‘ரூப்’ பாஸ்டரைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

1879-ல் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்த பாஸ்டர் கறுப்பினத்தவர். அக்காலத்துப் பெரிய குழுக்களில் கறுப்பருக்கு இடமில்லை. சட்டத்தில் எழுதப்படாத தடைதான். ஆயினும் எவரும் அதை மீறவில்லை. ஆகவே பாஸ்டரின் கைத்திறன் முழுவதும் கறுப்பர் குழுக்களிலேயே விளங்கிற்று. 1907-ல் சிகாகோ சேர்ந்த அவர், 1911-ல் ஜான் ஷார்லிங் என்ற வெள்ளை வணிகரைப் பங்காளியாகக் கொண்டு ‘சிகாகோ அமெரிக்கன் ஜயண்ட்ஸ்’ குழுவை அமைத்தார். ஓங்கி அடிப்பதைவிட, பந்தை மெல்லத் தட்டிவிட்டு விரைந்தோடுவதையே தம் ஆட்டக்காரருக்குப் பயிற்றினார்.

களத்தில் வென்றால் மட்டும் போதுமா? மைதானங்களும் ஆட்ட ஏற்பாடுகளும் பெரும்பாலும் பிறர் கையில் இருந்தன. வசூலில் ஒரு பங்கு அவர்களுக்கே சென்றது. இந்நிலையை மாற்ற, 1920 பிப்ரவரி 13-ஆம் நாள் கான்ஸாஸ் நகரில் குழு உரிமையாளர்களைக் கூட்டினார் பாஸ்டர். எட்டுக் குழுக்கள் கொண்ட ‘நீக்ரோ தேசிய லீக்’ பிறந்தது, அவரே தலைவர். குழுக்களின் வலிமை சமமாக இருத்தல் வேண்டுமெனக் கருதி, ஆஸ்கர் சார்ல்ஸ்டன் என்ற தலைசிறந்த ஆட்டக்காரரை இண்டியானாபோலிஸ் குழுவுக்கு விட்டுக்கொடுத்தார். எனினும் ஒரு குழுவை நடத்துபவரே அனைத்துக்கும் தலைவராக இருப்பது முறையா என்ற கேள்வி எழாமல் இல்லை. முதல் மூன்றாண்டுகளும் அவர் குழுவே முதலிடம் பெற்றது.

1926-ல் மனநோயுற்று மருத்துவமனை சேர்ந்த பாஸ்டர், 1930-ல் காலமானார். மறு ஆண்டே லீக்கும் கலைந்தது. ஒருவர் தோளையே நம்பி நிற்கும் அமைப்புக்கு நேரும் இடர் இதுவே.

ஆனால் விதை வீண்போகவில்லை. அந்த எட்டில் ஒன்றான கான்ஸாஸ் நகர் மோனார்க்ஸ் குழுவில் 1945-ல் ஆடிய ஜாக்கி ராபின்சனே, 1947-ல் பெரிய குழுக்களின் இனத்தடையைத் தகர்த்தார். 1981-ல் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் பாஸ்டர் இடம்பெற்றார். 2020-ல் அவரது லீக்கும் பெரிய லீக் என்றே ஏற்கப்பட்டது. மூடிய கதவின் முன் காத்திராமல் தமக்கென ஒரு மனை எழுப்பியவரின் உழைப்புக்கு, நூறாண்டு கழித்து நியாயம் கிடைத்தது.