நேசமணியும் நாமும்



வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஊர் நினைவைக் கொணர்வன பல. முன்பு உறவினரின் கடிதமும், ஊரிலிருந்து வருவோர் சுமந்து வரும் ஊறுகாய் ஜாடியும் அதனைச் செய்தன. இன்று கைப்பேசியில் வந்து விழும் ஒரு படமும், அதன் கீழ் எழுதிய இரண்டு வரியும் செய்கின்றன. இதனை 'மீம்' என்கின்றனர். பெரும்பாலும் அப்படத்தில் இருப்பவர் நடிகர் வடிவேலு.

2019ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் புதிய அமைச்சரவை பதவியேற்ற பரபரப்புக்கிடையே, தில்லியில் அலுவலக நண்பர்கள் சிலர் நம்மை அணுகி, "நேசமணி என்பவர் யார்? அவருக்கு என்ன நேர்ந்தது?" என்று கவலையோடு வினவினர். நடந்தது இதுதான். பொறியியல் பற்றிய முகநூல் பக்கம் ஒன்று சுத்தியலின் படத்தை வெளியிட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, காண்டிராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்றும் எழுதிவிட்டார். நேசமணி, 2001இல் வெளிவந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற வேடம். மற்றொருவர் நலம் விசாரித்தார். பின்னர் ஆயிரக்கணக்கானோர் பிரார்த்தனையில் இறங்க, செய்தி ட்விட்டர் வழியே உலக அளவில் பரவிற்று.

மொழிபெயர்ப்பே நம் தொழில். ஆயினும் அந்த வேடிக்கையை இந்தியில் விளக்கப் புகுந்து நாம் தோற்றோம். சொல்லைப் பெயர்த்துவிடலாம். பதினெட்டு ஆண்டுகள் ஒரு மக்கள் கூட்டம் சேர்ந்து சிரித்த சிரிப்பைப் பெயர்ப்பது எங்ஙனம்?

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அவ்வாண்டுகளில் வடிவேலு திரையில் தோன்றுவது மிக அரிதாயிருந்தது. தயாரிப்பாளரின் முதலும் விளம்பரமும் இன்றி, ரசிகரே அவர் முகத்தைப் புழக்கத்தில் வைத்திருந்தனர். 2006இல் வந்த 'தலைநகரம்' படத்தில் அவர் ஏற்ற நாய் சேகர் வேடத்தின் பெயரை, 2022இல் இரண்டு படங்கள் தலைப்பில் தாங்கி வந்தன என்றால், அப்புழக்கத்தின் வலிமை விளங்கும்.

ஆயின், ரசிகர் வழங்கும் புகழில் ஒரு தளையும் உண்டு. நாம் தேர்ந்து பரப்பியவை அடிபடும் முகம், அஞ்சும் முகம், வீறாப்புப் பேசும் முகம். அம்மூன்றுக்குள் மனிதரை அடக்கிவிட்டோம். 2023இல் 'மாமன்னன்' படத்தில், அடக்கமும் ஆழ்ந்த துயரமும் கொண்ட சட்டமன்ற உறுப்பினராக அவர் தோன்றியபோது, முதற்காட்சிகளில் நாம் சிரிப்பதற்கே ஆயத்தமாக அமர்ந்திருந்தோம். பின்னரே நாணினோம்.

ஒரே உருவுக்குள் அடைபடுவதன் வலி நமக்குத் தெரியாததன்று. 'மதராசி' என்னும் ஒரு சொல்லுக்குள் நம் அனைவரையும் பிறர் அடைத்தபோது மனம் நொந்தவரல்லரோ நாம்?

எனவே, படம் வந்தால் மனமாரச் சிரிப்போம், நண்பருக்கும் அனுப்புவோம். அதனோடு, அம்முகத்துக்குரியவர் ஒரு கலைஞர் என்பதையும், அவருக்கு வேறு முகங்களும் உண்டு என்பதையும், தமிழகத்தைப் படங்கள் வழியே அறியும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.