உப்பு மலையடியில் ஓர் ஊர்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐரோப்பா போய் வந்ததைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். பாரிஸ், ரோம் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பிள்ளை, பெண்ணிடம் போனபோது பார்த்திருப்பீர்கள். ஆகவே சின்ன ஊர்களைப் பற்றி, முக்கியமாக ஒரே ஓர் ஊரைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன்.

ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்று ஓர் ஊர். முன்னால் ஏரி, பின்னால் செங்குத்தான மலை, நடுவில் கிடைத்த துண்டு நிலத்தில் அடுக்கி வைத்த கொலுப் படி மாதிரி வீடுகள். ஜனத்தொகை சுமார் 750. நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அதைவிட அதிகம் பேர் வருவார்கள்.

2018ல் முதல் தடவை போனோம். ‘பத்து நாளில் ஏழு தேசம்’ என்கிற மாதிரி டூர். பஸ் ஒன்றரை மணி நேரம் நின்றது. அதில் கழிவறை வரிசையில் இருபது நிமிஷம். மீதி நேரத்தில் எல்லோரும் போட்டோ எடுத்தோம். ஒரு வீட்டு ஜன்னலில் பூத்தொட்டிகள் அழகாக இருந்தன. நான் கிட்டப் போய்க் காமிராவை நீட்டினேன். உள்ளே ஒரு பாட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்தினாள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். நம் ஆத்துத் திண்ணையில் யாராவது ஏறி நின்று, நாம் சாப்பிடுவதைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்?

அந்தப் பார்வைக்காகவே 2024 மே மாதம் மறுபடி போனோம், இந்தத் தடவை இரண்டு ராத்திரி தங்குவதாக. சால்ஸ்பர்க்கிலிருந்து ரயில், நடுவே ஒரு இடத்தில் மாற வேண்டும். ரயில் நிலையம் ஏரிக்கு அக்கரையில். இறங்கினால் படகு காத்திருக்கிறது. சில நிமிஷத்தில் ஊர். அந்தப் படகில் வரும்போது தெரியும் ஊரின் முகம் பஸ்ஸில் போனால் தெரியாது.

இந்த ஊருக்குச் சோறு போட்டது உப்பு. மலைக்குள் உப்பு எடுக்கும் வேலை சுமார் 7000 வருஷமாக நடக்கிறது என்கிறார்கள். உப்பு எதையும் கெடவிடாது என்பது ஊறுகாய் போடுகிற நமக்குத் தெரியும். இங்கே மரத்தையே காப்பாற்றியிருக்கிறது. 2003ல் சுரங்கத்துக்குள் ஒரு மரப்படிக்கட்டு கிடைத்தது. மரத்தின் வளையங்களை எண்ணி, கி.மு. 1344ல் வெட்டிய மரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உப்பு நீரை 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள எபென்சே வரை கொண்டுபோக, சுமார் 13,000 மரங்களைக் குடைந்து குழாயாக்கி, 1607ல் முடித்திருக்கிறார்கள். 1846ல் ராம்சவர் என்ற சுரங்க அதிகாரி பழைய இடுகாட்டைத் தோண்ட ஆரம்பித்து, ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கல்லறைகளைக் கண்டுபிடித்தார். ஐரோப்பிய இரும்புக் காலத்தின் முற்பகுதிக்கே இந்த ஊரின் பெயரை வைத்துவிட்டார்கள்.

சுரங்கத்துக்குள் எட்டு டிகிரி குளிர். உடுப்புக்கு மேலேயே போட்டுக்கொள்ள ஒரு தொளதொள அங்கி தருகிறார்கள். உள்ளே இறங்க மரச் சறுக்குமரம். பக்கத்தில் படியும் உண்டு. நான் படியில் இறங்கினேன். என் சஹதர்மிணி, வயது அறுபத்தேழு, சறுக்கினாள். (கைதட்டல் அவளுக்குத்தான் சேரும்.) மலைக்கு ஏற்றும் ரயில் புதுப்பிப்பு வேலைக்காக 2025ல் நிறுத்தப்பட்டது, போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே மாமி ஓர் இடத்தில் வாசலிலேயே நின்றுவிட்டாள். மாதா கோவிலை ஒட்டிய சின்ன மண்டபம் அது. உள்ளே சுமார் 1200 மண்டை ஓடுகள். அறுநூறுக்கு மேற்பட்டவற்றில் பெயர், இறந்த தேதி எழுதி, பூவும் இலையும் வரைந்திருக்கிறார்கள். காரணம் இடமில்லாமைதான். மலைக்கும் ஏரிக்கும் நடுவே இடுகாட்டுக்கு எவ்வளவு நிலம் கிடைக்கும்? சில வருஷம் கழித்துக் குழியைத் திறந்து, எலும்பை எடுத்து வைத்து, அடுத்தவருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். 1963ல் கத்தோலிக்க சபை தகனத்தை அனுமதித்த பிறகு இந்தத் தேவை குறைந்துபோயிற்று. கடைசியாக 1995ல் ஒரு பெண்மணியின் ஓடு வந்து சேர்ந்தது. முதலில் எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு பெயர்களைப் படித்தேன். ஒரே குடும்பப் பெயர் வரிசையாக வருகிறது. தர்ப்பணத்தில் நாம் மூன்று தலைமுறை சொல்கிறோம். இவர்கள் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். வெளியே வந்து இவளிடம் சொன்னேன். “இருக்கட்டும், நீங்கள் முதலில் ஸ்நானம் பண்ணுங்கோ” என்றாள்.

1997ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர் இது. 2012ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இதைப் போலவே ஒரு நகல் ஊரைக் கட்டித் திறந்துவிட்டார்கள். கூட்டம் பெருகி, உச்ச நாட்களில் பத்தாயிரம் பேர் வரை வந்தார்கள். 2020ல் பஸ்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு வந்தது. 2023ல் போட்டோ எடுக்கும் இடத்தில் மரத்தடுப்பு வைத்து, எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஊர்க்காரர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். வருமானமும் வேண்டும், வாசலில் நிம்மதியும் வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பத்தாயிரத்தில் நானும் ஒருவன்.

ஜெர்மனியின் ரோதன்பர்க் பற்றியும் இரண்டு வார்த்தை. மதில் சூழ்ந்த பழைய ஊர். பார்த்தால் எல்லாம் நானூறு, ஐந்நூறு வருஷப் பழசு என்று தோன்றும். ஆனால் 1945 மார்ச் 31ல் குண்டு விழுந்து 39 பேர் இறந்தார்கள், முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள் போயின. பல நாட்டுக்காரர்கள் பணம் கொடுத்து மதிலைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. நம் கோவில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் இருப்பது போலத்தான், என்ன, வெளிச்சத்தை மறைக்கவில்லை! அதே ஊர் 1938 அக்டோபரில் தன் யூதர்களில் மிஞ்சியிருந்தவர்களை விரட்டியது. சித்திரம் போன்ற தெருவில் நடக்கும்போது அதையும் நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு எப்படி என்று மாமிகள் கேட்கக் காத்திருக்கிறீர்கள். ஆஸ்திரியாவில் காய்கறி சூப் என்றாலும் மாட்டிறைச்சிச் சாறில் செய்திருக்கலாம், கேட்காமல் தொடாதீர்கள். ஸ்பெட்ஸ்லே என்று சீஸ் போட்டு ஒன்று தருவார்கள், மாவில் முட்டை உண்டு. ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, சாலட், கடையில் கெட்டித் தயிர். நாங்கள் சின்னக் குக்கரும் அரிசியும் மாவடுவும் கொண்டுபோனோம். அறையில் சமைக்கலாமா என்று பதிவு செய்யும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பஸ்கள் போன பிறகு ஊர் அடங்கிவிடுகிறது. ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டோம். அந்த ஜன்னலைத் தேடினேன். பூத்தொட்டி இருந்தது, திரை போட்டிருந்தது. காமிராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உள்ளே காபி ஆறிக்கொண்டிருக்கிறது. விசா, ரயில் டிக்கெட் விவரம் வேண்டியவர்கள் அங்கேயே என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.